தொண்டமானும் தோட்டத்துப் பசுவும்

இலங்கையின் மலையகத் தமிழர் வரலாற்றில் சௌமியமூர்த்தி தொண்டமானின் பெயரை அறியாதார் இலர். பிரஜாவுரிமைக்காகப் போராடியவர், பெரும் தொழிற்சங்கம் ஒன்றைக் கட்டியெழுப்பியவர், அரசாங்கங்களோடு பேரம் பேசும் வல்லமை பெற்றிருந்தவர் என்றே அவர் இன்றும் நினைவுகூரப்படுகிறார். ஆனால் 1978இலும் 1994இலும் அவர் ஏற்ற அமைச்சுப் பொறுப்புகளில் கால்நடை வளர்ப்பும் பாலுற்பத்தியும் அடங்கியிருந்தன என்பதைப் பலர் மறந்துவிட்டனர். தோட்டத் தொழிலாளியின் தலைவரே நாட்டின் பால் பண்ணையாளருக்கான மானியங்களுக்கும் பொறுப்பாளராக இருந்தார். அவ்வாறிருந்தும், லயத்தின் பின்புறத்தில் ஒரு பசுவைக் கட்டி வளர்க்கும் தொழிலாளிக்கு அந்த மானியம் ஏன் எளிதில் கிட்டவில்லை என்ற கேள்வி எழுகிறது. சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் இக்கேள்வி ஏனைய இடங்களைவிடக் கூர்மையானது. அதற்கான விடை அம்மனிதரின் வாழ்க்கைக்குள்ளேயே இருக்கிறது.

தமிழகத்தின் பழைய இராமநாதபுரம் சீமையில், இன்றைய சிவகங்கைப் பகுதியில் அமைந்த முனைப்புதூர் என்ற சிற்றூரில் 1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் திகதி தொண்டமான் பிறந்தார். மழை பொய்த்தால் பயிர் பொய்க்கும் வறண்ட பூமி அது. அங்கே குடியானவனின் செல்வம் அவன் கட்டுத்தறியில் நிற்கும் மாடுகளைக் கொண்டே மதிக்கப்பட்டது. தந்தை கருப்பையா பிழைப்புத் தேடி இலங்கை வந்து, கங்காணியாக உயர்ந்து, பின்னர் இறம்பொடைப் பகுதியிலுள்ள வேவண்டன் தோட்டத்திற்கே உரிமையாளரானார். 1924இல் தமது 11ஆவது வயதில் தொண்டமான் தந்தையிடம் வந்து சேர்ந்தார். கம்பளை புனித அந்திரேயர் கல்லூரியில் கல்வி கற்றார். பிற்காலத்தில் தொழிலாளரின் தலைவராக விளங்கியவர், தோட்ட உடைமையாளரின் மகனாகவே வளர்ந்தார் என்பது அவரது வாழ்வின் முரண். நிலம் ஒருவனது பெயரில் இருந்தால் அவன் எவ்வாறு தலைநிமிர்ந்து நிற்பான் என்பதை அவர் தமது வீட்டிலேயே கண்டிருந்தார். அந்த உரிமை இல்லாதவர்களை வீட்டு வாசலுக்கு வெளியே கண்டார்.

அந்தச் சீமையிலிருந்தும் அயல் மாவட்டங்களிலிருந்தும் கடல் கடந்து வந்த மக்கள் மாடு வளர்க்கும் பழக்கத்தையும் தம்மோடு கொண்டுவந்தனர். எருவின் பயனை அறிந்திருந்த துரைமாரும் லயத்திற்கு அப்பால் தொழுவம் கட்டிக்கொள்ளப் பெரும்பாலும் அனுமதித்தனர். பெண்கள் பகல் முழுதும் கொழுந்து பறித்துவிட்டு, மாலையில் ஓடைக்கரைகளிலும் மலைச்சரிவுகளிலும் புல் அறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டு வந்தனர். சப்ரகமுவையில் தேயிலையோடு இறப்பரும் பரந்திருப்பதால், தோட்டத்தில் பால் என்றால் முதலில் இறப்பர் மரத்தின் பாலையே குறிக்கும். விடியற்காலையில் மரத்தில் பால் வெட்டச் செல்லும் தொழிலாளி, அதற்கு முன்பே எழுந்து பசுவிலும் பால் கறந்தாக வேண்டும். முதற்பால் கம்பனிக்கு உரியது. இரண்டாம் பாலே அவனுக்குச் சொந்தமானது. எட்டியாந்தோட்டை, தெரணியகல, இறக்குவானை, பலாங்கொடை போன்ற கடைவீதிகளில் முஸ்லிம் வர்த்தகர்களும் ஏனையோரும் நடத்திய தேநீர்க் கடைகளுக்கு அந்தப் பால் சென்றது. கூலிக்கு அப்பால் தொழிலாளியின் கையில் புரண்ட சொற்பக் காசு பசு தந்ததேயாகும். தோட்டத்தில் வேலை குறைந்த மாதங்களில் அடுப்பெரிந்ததும் அதனாலேயே.

1939ஆம் ஆண்டு ஜவஹர்லால் நேரு இலங்கைக்கு வந்தபோது, பிரிந்து கிடந்த இந்திய வம்சாவளி அமைப்புகள் ஒன்றிணைந்து இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவாயிற்று. கம்பளைக் கிளையின் வாயிலாக அதில் நுழைந்த தொண்டமான், 1945இல் அதன் தலைவரானார். அவ்வியக்கத்தின் மற்றொரு தூண் அப்துல் அஸீஸ் ஆவார். குஜராத்தைச் சேர்ந்த முஸ்லிமான அவர், தமிழ்த் தொழிலாளரின் உரிமைக்காகத் தம் வாழ்நாளையே அர்ப்பணித்தார். தொண்டமானும் அஸீஸும் பின்னாளில் பிரிந்து, 1956இல் அஸீஸ் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை அமைத்தார். எனினும் அந்த ஆரம்ப காலத்தில் இருவரும் தோளோடு தோள் நின்றே தோட்டங்களுக்குள் சங்கத்தை வளர்த்தனர். மலையக உரிமைப் போராட்டம் ஒரு சமயத்தவரின் போராட்டம் மட்டுமன்று என்பதற்கு இது சான்றாகும்.

தொண்டமான் தலைமையேற்ற மறு ஆண்டிலேயே, அதாவது 1946இல், முதற் பெருஞ்சோதனை சப்ரகமுவையிலேயே வந்தது. கேகாலை மாவட்டத்தின் நேவ்ஸ்மியர் தோட்டத்தை, தொழிலாளரின் வழக்கில் உருளவள்ளித் தோட்டம் எனப்பட்ட அதனை, கிராம விஸ்தரிப்புக்காக அரசாங்கம் சுவீகரித்தது. காணியில்லாக் கிராமத்தவருக்குக் காணி வழங்குவது நியாயமான நோக்கமே. ஆனால் அந்த மண்ணிலேயே உழைத்து வாழ்ந்திருந்த தமிழ்த் தொழிலாளரும் காணியற்றவர்களே என்பது கணக்கில் எடுக்கப்படவில்லை. அவர்கள் வெளியேறுமாறு பணிக்கப்பட்டனர். மறுத்தபோது அத்துமீறிக் குடியிருப்போராகக் கருதப்பட்டு நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். காங்கிரஸ் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. லயத்தை இழப்பவன் கூரையை மட்டும் இழப்பதில்லை. தோட்டத்தைச் சுற்றியுள்ள புல்லையும், பீலித் தண்ணீரையும், தொழுவத்தையும் சேர்த்தே இழக்கிறான்.

அதே 1946ஆம் ஆண்டு டிசம்பரில் இந்தியாவின் குஜராத்தில், கேடா மாவட்டத்துப் பால் உற்பத்தியாளர்கள் திரிபுவன்தாஸ் பட்டேலின் தலைமையில் ஒரு கூட்டுறவு ஒன்றியத்தைத் தொடங்கினர். பின்னாளில் ஆனந்த் என்றும் அமுல் என்றும் உலகறிந்த பெருமுயற்சியின் வித்து அதுவே. வர்கீஸ் குரியன் அங்கு சென்று சேர்ந்த பின் அது இந்தியாவின் வெண்மைப் புரட்சிக்கு வழிகாட்டியது. கேடாவின் பால் உற்பத்தியாளர்களும் செல்வந்தர் அல்லர். ஓரிரு எருமைகளை வளர்த்தவர்களே பலர். ஆனால் சொந்த ஊர் என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு ஓர் ஊர் இருந்தது. அந்த ஊரின் பெயரால் சங்கம் அமைத்தார்கள், கடன் பெற்றார்கள், பால் விலைக்குப் பேரம் பேசினார்கள். கேகாலையின் தொழிலாளிக்கோ அவ்வாண்டில் நிற்கும் இடமே வழக்குக்கு உள்ளாகியிருந்தது.

1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் தொண்டமான் நுவரெலியாத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் சென்றார். சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டிலேயே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களின் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவிடத்தார் சட்டம் கொண்டுவரப்பட்டது. அதன் பெயரே காட்டுவதுபோல், இவ்வுரிமை இழப்பு இந்திய உபகண்டத்திலிருந்து வந்து வாழ்ந்த முஸ்லிம்களையும் தொட்டது. வாக்குரிமையும் பறிபோயிற்று. 1952இல் தொண்டமானும் அவரது தோழர்களும் நடத்திய சத்தியாக்கிரகம் மனச்சாட்சியை உலுக்கியதேயன்றிச் சட்டத்தை மாற்றவில்லை.

இக்காலப்பகுதியில்தான் சுதந்திர இலங்கையின் விவசாய மானியங்கள் உருப்பெற்றன. 1953இல் இறப்பர் மீள்நடுகைக்கான மானியம் சட்டமாக்கப்பட்டது. அது காணி உரிமையாளரைச் சென்றடைந்தது; மரத்தில் பால் வெட்டியவனுக்கு அதில் பங்கில்லை. மானியம் என்ற சொல்லின் பழைய பொருளை இங்கு நினைவுகொள்ள வேண்டும். அரசர் காலத்தில் மானியம் என்றால் வரியின்றி அனுபவிக்குமாறு வழங்கப்பட்ட நிலமே. இன்று அது பணமாகவும், நாற்றாகவும், கன்றாகவும் மாறிவிட்டது. எனினும் நிலமுள்ளவனையே தேடிச் செல்லும் குணம் மட்டும் அதனை விட்டு அகலவில்லை.

1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்வதென 1974இல் தீர்மானிக்கப்பட்டது. சம்பந்தப்பட்ட மக்களின் விருப்பைக் கேளாது அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டதைத் தொண்டமான் வன்மையாகக் கண்டித்தார். அடுத்து வந்த ஆண்டுகளில் பல குடும்பங்கள் வளர்த்த மாடுகளைக் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டுக் கப்பலேறின. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களில் பட்டினிச் சாவுகளுக்கே இட்டுச்சென்றது. 1975இல் தோட்டங்கள் தேசியமயமாகின. நிலம் கம்பனியிடமிருந்து அரசுக்கு மாறியதே தவிர, அதில் வாழ்ந்தவனுக்கு மாறவில்லை.

1977இல் தொண்டமான் நுவரெலியா-மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து மீண்டும் பாராளுமன்றத்திற்குத் தெரிவானார். 1978 செப்டம்பரில் ஜே.ஆர். ஜெயவர்தனவின் அமைச்சரவையில் கிராமியக் கைத்தொழில் அபிவிருத்தி அமைச்சராக இணைந்தார். தமிழர் விடுதலைக் கூட்டணியின் இணைத்தலைவர்களுள் ஒருவராக இருந்தவர் அரசில் சேர்ந்தது அன்று கடும் விமர்சனத்திற்கு உள்ளாயிற்று. தம் மக்களின் அன்றாடத் தேவைகளை அரசின் உள்ளிருந்தே நிறைவேற்ற முடியும் என்பது அவரது கணிப்பாக இருந்தது. பால் துறை அவர் கைக்கு வந்தது அவ்வேளையிலேயே. விவசாயத் திணைக்களத்திலிருந்து பிரிந்து, கால்நடை உற்பத்திக்கும் சுகாதாரத்திற்குமெனத் தனித் திணைக்களம் அமைந்ததும் 1978இல்தான். செயற்கைமுறைச் சினைப்படுத்தல், தடுப்பூசி, நல்லினக் கன்றுகள், தொழுவம் அமைக்க உதவி, தீவனப்புல் வளர்ப்பு, பால் சேகரிப்பு நிலையம் ஆகியவையே இத்துறையில் அரசு உதவி செல்லும் வழிகள். 1950களில் தோன்றிய தேசிய பால் சபை, 1986இல் மில்கோ நிறுவனமாக மாற்றப்பட்டது.

ஆனால் அமைச்சரின் நாற்காலியிலிருந்து பசுவின் தொழுவம் வரையான பாதை நீண்டதாக இருந்தது. முதலாவது தடை, 1977க்குப் பின்னரான திறந்த பொருளாதாரத்தில் பெருகிய இறக்குமதிப் பால்மாவாகும். ஒரு கையால் பண்ணையாளனுக்கு மானியம் வழங்கிய அரசு, மறு கையால் அவனது பாலின் விலையைத் தாழ்த்தும் போட்டியைத் திறந்துவிட்டது. இரண்டாவது தடை, பண்ணையாளன் யார் என்ற வரையறை. காணி உறுதி, நிரந்தர முகவரி, பிரஜாவுரிமைச் சான்று என்பன எங்கெல்லாம் கேட்கப்பட்டனவோ அங்கெல்லாம் தோட்டத் தொழிலாளி பின்தள்ளப்பட்டான். அவன் கட்டிய தொழுவமும் அவன் அறுத்த புல்லும் தோட்டத்தின் உடைமைகள். நிர்வாகம் வேண்டாமென்றால் பசுவை அவிழ்த்துச் செல்ல வேண்டியதுதான்.

சப்ரகமுவையில் இத்தடைகள் இரட்டிப்பாயின. நுவரெலியாவில் செறிந்து வாழ்ந்த தொழிலாளருக்கு வாக்குப் பலம் இருந்தது. இரத்தினபுரியிலும் கேகாலையிலுமோ அவர்கள் சிங்களக் கிராமங்களுக்கு இடையே சிதறி வாழ்ந்தனர். அதனால் கேட்பதற்குப் பலமான குரல் இல்லை. நுவரெலியாவின் குளிருக்கு ஏற்ற ஐரோப்பியப் பசுவினங்கள் சப்ரகமுவையின் வெப்பத்திற்கும் ஈரத்திற்கும் ஒத்துவருவதில்லை. இங்கு ஜேர்சிக் கலப்பினமோ, சாகிவால் போன்ற வெப்பநாட்டு இனமோதான் தாக்குப்பிடிக்கும். ஆகவே மலையுச்சிக்கென வகுத்த திட்டத்தை அப்படியே இங்கு இறக்கினால் பயனில்லை. இவற்றுக்கெல்லாம் மேலாக அச்சம் இருந்தது. 1977இலும், பின்னர் 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, கஹவத்தை, இறக்குவானைப் பகுதிகளிலும், மீண்டும் 1983இலும் வெடித்த வன்செயல்களில் தோட்ட மக்கள் தாக்கப்பட்டனர். பலர் உடுத்த துணியோடு ஓடினர். கறவைப் பசு என்பது ஓரிடத்தில் பல்லாண்டு வாழ்வோம் என்ற நம்பிக்கையின் மீது செய்யப்படும் முதலீடு. நாளை இருப்போமா என்று அஞ்சுபவனிடம் அந்த நம்பிக்கையை எந்த மானியத்தாலும் ஊட்ட முடியாது.

அமைச்சராக இருந்துகொண்டே தொண்டமான் தொழிற்சங்கப் போராட்டத்தையும் கைவிடவில்லை. 1984இல் நடந்த வேலைநிறுத்தம் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான கூலியைப் பெற்றுத்தந்தது. கொழுந்தும் பறித்து, புல்லும் அறுத்து, பாலும் கறந்த பெண்ணின் உழைப்புக்கு முதன்முறையாகச் சம மதிப்பு கிடைத்தது. 1986 ஜனவரியில் பிரார்த்தனைப் போராட்டம் தொடங்கியது. வேலைநிறுத்தம் என்று பெயரிடாது, வழிபாட்டின் வடிவில் ஆலைகளை நிறுத்திய புதுமையான உத்தி அது. அதன் பயனாக அவ்வாண்டும், தொடர்ந்து 1988இலும் வந்த சட்டங்கள் எஞ்சிய நாடற்றோருக்கு இலங்கைப் பிரஜாவுரிமையை வழங்கின. நாற்பது ஆண்டுகளுக்கு முன் பறிக்கப்பட்ட காகிதம் மீண்டும் கைக்கு வந்தது. இதுவே தொண்டமானின் வாழ்நாட் சாதனை என்பதில் ஐயமில்லை. மானியத்திற்கு விண்ணப்பிக்கும் தகுதியும் அத்தோடுதான் முழுமையாகப் பிறந்தது.

1992இல் அரசுத் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. 1994இல் ஆட்சி மாறியபோது, தொண்டமான் புதிய அரசிலும் இணைந்து, கால்நடை அபிவிருத்தி, தோட்ட உட்கட்டமைப்பு ஆகிய துறைகளின் அமைச்சரானார். மாடும் தோட்டமும் ஒரே அமைச்சரின் கீழ் வந்த அரிய வாய்ப்பு அது. ஆனந்தின் அனுபவத்தை இலங்கைக்குக் கொண்டுவரும் நோக்கில், இந்தியாவின் தேசிய பால்வள அபிவிருத்திச் சபையுடன் கிரிய என்ற பெயரில் கூட்டு முயற்சி ஒன்று அந்தத் தசாப்தத்தின் பிற்பகுதியில் தொடங்கியது. அம்முயற்சி நிலைக்கவில்லை. உள்நாட்டு எதிர்ப்புகளுக்கும் பால்மாச் சந்தையின் அழுத்தத்திற்கும் இடையே சில ஆண்டுகளிலேயே அது முடிவுக்கு வந்தது. அதற்குள் தொண்டமானும் மறைந்துவிட்டார். 1999ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி, அமைச்சராகவே அவர் தமது 86ஆவது வயதில் காலமானார்.

அவரது பணியை மதிப்பிடுவோர் இரு பக்கங்களையும் நோக்க வேண்டும். உரிமைக்காக நின்ற பெருந்தலைவர் என்பதை எதிராளியும் மறுக்கமாட்டார். அதேவேளை, சலுகைகள் சங்கத்தின் வழியாகவே சென்றன, நுவரெலியாவுக்குக் கிடைத்தவை சப்ரகமுவைக்குக் கிடைக்கவில்லை என்ற குறையும் நியாயமற்றதன்று. இத்தனை அதிகாரத்தோடு இரு தடவை அரசில் இருந்தும் தொழிலாளிக்குக் காணியைப் பெற்றுத்தர இயலவில்லை என்பதே அவர் மீதான மிகப் பாரமான விமர்சனம். கூலி, வாக்கு, குடியுரிமை ஆகியவற்றை வென்றவர், நிலத்தின் வாசலில் நின்றுவிட்டார். அவ்வாசலைத் திறக்கும் கடமை பின்வந்தோருக்கு உரியதாயிற்று.

பின்வந்த ஆண்டுகளில் அவரது பேரன் ஆறுமுகன் தொண்டமானும் கால்நடைத் துறையின் அமைச்சராக இருந்தார். 2010களில் அவுஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் பெருஞ்செலவில் பசுக்கள் கொண்டுவரப்பட்டுப் பண்ணையாளருக்கு வழங்கப்பட்டன. அவற்றுள் பல இறந்தன. பல எதிர்பார்த்த பாலைத் தரவில்லை. அதே தசாப்தத்தில் தோட்டக் குடும்பங்களுக்கு 7 பேர்ச் காணியுடன் தனிவீடு வழங்கும் திட்டமும் தொடங்கியது. வீட்டுக்கு அது வரவேற்கத்தக்க தொடக்கமே. ஆனால் அந்த 7 பேர்ச்சில் வீட்டைக் கட்டிய பின் ஒரு பசுவுக்கான புல் எங்கே முளைக்கும்? 2016ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வளர்ச்சி குன்றியோர் நாடளாவிய ரீதியில் சுமார் 17 விழுக்காடாகவும், தோட்டப் பகுதிகளில் சுமார் 32 விழுக்காடாகவும் இருந்தனர். பால் கறப்பவளின் குழந்தைக்கே பால் போதவில்லை என்பதுதான் இதன் பொருள்.

செய்யவேண்டியவை கடினமானவை அல்ல. சப்ரகமுவைத் தோட்டங்களில் பயிரின்றிக் கிடக்கும் சரிவுகளைக் குடியிருப்பாளர் சங்கங்களுக்கு நீண்டகாலக் குத்தகைக்கு வழங்கித் தீவனப்புல் நடச் செய்யலாம். காணி உறுதிக்குப் பதிலாகச் சங்க உறுப்புரிமையையும் மாட்டின் பதிவையும் மானியத்திற்கான தகுதியாக ஏற்கலாம். தொழுவத்தை அகற்றுவதற்கு முன் மாற்றிடம் அளிக்கவேண்டும் என்பதைக் கம்பனிகளின் குத்தகை நிபந்தனையாகவே சேர்க்கலாம். தோட்டத்துத் தமிழரும், கடைவீதி முஸ்லிமும், அயற்கிராமச் சிங்களவரும் ஒரே பால் சேகரிப்பு நிலையத்தில் பாத்திரத்தோடு வரிசையில் நிற்கும் நிலை வந்தால், 1981இன் அச்சத்திற்கும் அது மருந்தாகும். பாலின் விலையை நிர்ணயிப்பது அதிலுள்ள கொழுப்பே; கொண்டுவந்தவனின் இனமன்று.

மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் நிறைவானமை 2023இல் நினைவுகூரப்பட்டது. உருளவள்ளித் தோட்டத்துத் தொழிலாளருக்காக 1946இல் தொண்டமான் தொடங்கிய போராட்டம், பொருளளவில் இன்னும் முடியவில்லை. அவர் பெயரால் மண்டபங்களும் சிலைகளும் போதுமான அளவு எழுந்துவிட்டன. கேகாலையிலும் இரத்தினபுரியிலும் ஒரு தொழிலாளி தன் பசுவைத் தன் நிலத்தில் கட்டி, தன் பெயரில் மானியம் பெறும் நாளே அவருக்குரிய உண்மையான நினைவுச்சின்னமாக அமையும்.